கடலுக்குக் கேட்கும்படி

வாரம் ஐந்து நாள்
தடுப்பூசிப் பெட்டி சுமந்து திரிபவள் நான்.
இரண்டு பாகைக்கும் எட்டுக்கும் நடுவே நிற்கவேண்டும் குளிர்.
ஒரு கோடு தாண்டினாலும்
அத்தனை குப்பியும் குப்பைக்கு.
ஆகவே ஞாயிற்றுக்கிழமை
ஆக்கில் தீவின் பர்ட்டீன் துறையில்
ஐஸ் பெட்டியோடு போய் நின்றேன்.
கஹால், என் தங்கை புருஷன்,
பெட்டியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான்,
தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"தட்டோடு நிற்பவளுக்குக்
கடல் பரிமாறாது, டெர்வ்லா."

கைவலை ஆகாது.
"நிறையக் கிடைக்கட்டும்" என்று எவராவது வாழ்த்தினால் ஆகாது.
வெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன் என்று
வாய்தவறிச் சொன்னாலும் போச்சு.
எல்லாம் மானஸ் லாவெல் சொன்னதாம்.
மானஸ் சொன்னால்
கஹாலுக்கு அப்பீல் கிடையாது.

மூன்று ஞாயிறு பெட்டி வந்தது.
மூன்று ஞாயிறும் ஐஸ் மட்டும் வீடு திரும்பியது,
தண்ணீராக.

நான்காம் ஞாயிறு அதை வீட்டிலேயே விட்டேன்.
நம்பி அல்ல, சண்டை போட்டு அலுத்து.

அன்றைக்கென்று பார்த்து
தீவில் காணாத வெயில்.
அன்றைக்கென்று பார்த்து
கானாங்கெளுத்திக் கூட்டம்
துறைச்சுவர் அடியில் உலைநீராய்க் கொதித்தது.
ஆறு முள், ஆறு மீன்.
மறுபடி ஆறு.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் எண்ணப் பயமாகிவிட்டது.

கானாங்கெளுத்தி பொறுமை இல்லாத மீன்.
துள்ளல் அடங்கிய கையோடு
கெடத் தொடங்கிவிடும்.
முதுகின் பச்சை வரி மங்குவதை
நின்று பார்க்கலாம்,
யாரோ திரியை இறக்குவது போல.

நிற்கவில்லை நான்.
செவுளுக்குள் கட்டைவிரல் விட்டு
தலையைப் பின்னுக்கு ஒடித்தேன்.
வாளிக் கடல்நீரில் ரத்தம் வடியவிட்டேன்.
குடல் நண்டுகளுக்கு.
குழாய்த் தண்ணீர் படாமல்
ஈரப்பாசி ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு,
எல்லாவற்றுக்கும் மேலே
நனைத்துப் பிழிந்த கஹாலின் சட்டை.
வெற்று முதுகோடு சிவந்துகொண்டிருந்தான்.
"ஐஸ்?" என்றேன்.
காது கேட்காதவன் போல
முடிச்சு அவிழ்த்தான்.

கடை பூட்டியிருந்தது.
மதுக்கடையில் ஒரு கட்டி மிச்சமில்லை.
"எல்லாம் லாவெல் வீட்டுக்குப் போயிற்று" என்றாள் அங்கிருந்த பெண்.
எங்கள் இருவருக்குமே தெரியும்.
மானஸ் வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார்.
ராத்திரி, குளித்து, கறுப்பு உடுத்திப் போவதாய் இருந்தோம்.

மீன் வாடையோடு போனோம்.
கூடத்தில் அவர், திறந்த பெட்டிக்குள்,
உயிரோடிருந்தவரை கட்டாத டை கட்டி.
குளியல் தொட்டி நிறைய ஐஸ்,
ஐஸ் நிறைய பீர் புட்டிகள்.
நோரீன் எங்கள் வாளிக்குள் எட்டிப்பார்த்தாள்.
புருஷனைப் பறிகொடுத்து இரண்டு நாள் ஆனவள்.
"புட்டிகளைத் தள்ளு" என்றாள்.

வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணித்து அடுக்கினோம்.
ஏதாவது சொல்லவேண்டுமே என்று கஹால் சொன்னான்:
"அவர் ஒருநாளும் பை கொண்டுவந்ததில்லை."

நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கதவின் பின்னால் தொங்கிய மழைக்கோட்டை இறக்கி
உள்துணியின் தையலைப் பல்லால் அறுத்தாள்.
நான்காய் மடித்த பிளாஸ்டிக் பை.
ஒரு பொட்டலம் கல்லுப்பு.
"ஒவ்வொரு தடவையும் அவர் பிரிப்பார், நான் தைப்பேன்.
கடலுக்குத் தெரியக்கூடாதாம்."

கஹால் கூடத்துக்குப் போய்
மானஸின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிரார்த்தனை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நள்ளிரவுக்குள் அத்தனை மீனும் பொரிந்து தீர்ந்தது.
பீரில் செதில் மிதந்தது,
ஒருவரும் குறை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியை எடுத்துக்கொண்டேன்.
மூடிமேல் ஆஸ்பத்திரிச் சீட்டு:
தடுப்பூசி. கவிழ்க்காதே.
கஹால் குனிந்து அதைப் படித்தான்.
தூண்டிலைச் சுருட்டவில்லை.
"இன்றைக்கும் வேலையா உனக்கு?" என்று கேட்டான்,
கடலுக்குக் கேட்கும்படி உரக்க.

"வேலைதான்" என்றேன்,
நானும் உரக்க.